ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் கடலோர வீடு. விடிகாலையில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. எடுத்துவிட்டு நேராக இணைக்கலாமா?

கூடவே கூடாது. எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) காப்பது ஒயரைத்தான், ஆளை அல்ல. உடம்பு வழியாக 50 மில்லி ஆம்பியர் போனாலே உயிர் போகலாம். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான். 100 மில்லி ஆம்பியர் போட்டால் விழாது என்பார்கள். அது தீப்பிடிக்காமல் இருக்கப் போடுவது, ஷாக்குக்கு உதவாது.

காலையில் மட்டும் விழுந்தால் முதல் சந்தேகம் உப்பின் மேல். வெளி லைட், மோட்டார் ஸ்டார்ட்டர், மாடி பிளக் பாயிண்ட் இவற்றுக்குள் படிந்த உப்பு ராத்திரி ஈரத்தை இழுத்து, பேஸிலிருந்து (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்குக் கசிய விடும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும். பத்து மணிக்கு வரும் எலெக்ட்ரீசியன் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும்! அதனால் விழுந்த நேரத்திலேயே தேடுங்கள்.

எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, நியூட்ரல் (கரண்ட் திரும்பும் ஒயர்) இணைந்தே இருக்கும். எம்சிபி எல்லாவற்றையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதில் விழுகிறதோ அங்கேதான் கசிவு. எல்லாம் இறக்கியும் நிற்கவில்லையென்றால் பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது ஆர்சிசிபியே போய்விட்டது. அதற்கு எலெக்ட்ரீசியன் வேண்டும். சில வீடுகளில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி ஆளுக்கு ஐந்தாறு மில்லி ஆம்பியர் கசிந்து, கூட்டுத்தொகையில் விழும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்பதால், லைனைப் பிரித்து இரண்டு ஆர்சிசிபி போடுவதே வழி.

கசிந்த பெட்டியை மெயினை அணைத்துவிட்டுத் திறந்து, உப்பைத் துடைத்து, பச்சைக் களிம்பேறிய ஒயர் முனையை வெட்டிப் பளபளக்கும் செம்பில் இணைக்கச் சொல்லுங்கள். ஒயர் பெட்டியின் அடியிலிருந்து நுழையட்டும், மழைநீர் இறங்காது.

எர்த்தையும் பாருங்கள். உப்பு மண்ணில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும் அதன் கிளாம்பும் சீக்கிரம் அரித்துப்போகும். எர்த் குழியில் மறுபடி உப்பைக் கொட்டுவது அரிப்பைத்தான் கூட்டும். செம்பு பூசிய ராடு மேல். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. எர்த் செத்துப்போனால் ஃப்ரிட்ஜ் பாடியில் கரண்ட் நின்றாலும் ஆர்சிசிபி விழாமல் கிடக்கும். யாராவது தொட்டு, ஷாக் அடித்த பிறகுதான் விழும்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அன்றைக்கே ஆர்சிசிபியை மாற்றுங்கள்.