கூலியில்லாத மெய்ப்பு – ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் பழைய நூல்களுக்கு மெய்ப்பு பார்க்க ஆட்கள் வேண்டும் என்று சென்ற மாதம் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது, நேரமும் இருக்கிறது. ஆனாலும் இரண்டு கேள்விகள் உறுத்துகின்றன.

நூல்களைக் காப்பதும் மின்னாக்குவதும் அரசும் நூலகங்களும் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. அதைப் பொதுமக்கள் தலையில் கட்டிவிட்டு 'மக்கள் பங்கேற்பு' என்று பெயர் வைப்பது சரியா? நாளைக்கு ஆள் எடுக்காமல் இருக்க இதுவே சாக்காகிவிடாதா?

அடுத்தது, யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்றால் அந்தப் பாடத்தை எப்படி நம்புவது? என்னிடம் வரும் ஆய்வு மாணவர்கள் இணையத்திலிருந்து எடுத்துப் போடும் பாட்டுகளில் அடிக்கு ஒரு பிழை இருக்கிறது.

வீட்டில் 1950-களின் மாத இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

ம.,
பாளையங்கோட்டை

அன்புள்ள ஐயா,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நல்ல பதில் இருக்கிறது.

கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை மின்னாக்கி 2008-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ட்ரோவ் என்ற தளத்துக்குள் பிறகு அவை சேர்ந்தன. நுண்படச் சுருள்களிலிருந்து எடுத்த பக்கங்கள் அவை. பொடி எழுத்து, மங்கிய மை, மடிப்பு, கிழிசல். கணினி அந்தப் படத்தைப் படித்து எழுத்தாக மாற்றும்போது ஒரு பெயரில் இரண்டு எழுத்து சிதைந்தால் போதும், அந்த மனிதரைத் தேடி வருகிறவருக்கு அவர் கிடைக்கவே மாட்டார். அத்தனை பக்கங்களையும் ஊழியர்களை வைத்துத் திருத்துவது நடக்கிற காரியம் இல்லை. அதனால் செய்தியின் படத்துக்குப் பக்கத்திலேயே கணினி படித்த வரிகளையும் போட்டு, படிப்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே திருத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். பெயரைப் பதிவு செய்யக்கூட வேண்டியதில்லை. திருத்திச் சேமித்த சொல் தேடலிலும் வந்துவிடும்.

ஒரு தேசிய நூலகம் தன் சேகரத்தில் முகம் தெரியாதவர்களை எழுத விடுவது அன்றைக்குப் பெரிய துணிச்சல். விஷமிகள் வந்து கண்டதை எழுதி வைப்பார்கள் என்ற பயம் யாருக்கும் வரக்கூடியதுதான். திட்டப் பொறுப்பில் இருந்த ரோஸ் ஹாலி 2009-இல் எழுதிய அறிக்கையில், முதல் ஆறு மாதத்தில் அப்படி ஒரு விஷமம்கூடக் கண்ணில் படவில்லை என்று பதிவு செய்திருக்கிறார். வந்தவர்களில் நிறையப் பேர் குடும்ப வரலாறு தேடியவர்கள். முன்னோர் கப்பலில் வந்திறங்கிய செய்தி, ஒரு திருமண அறிவிப்பு, ஒரு மரண அறிவிப்பு என்று தேடி வருவார்கள். தேடிய பெயர் தப்பும் தவறுமாகக் கிடந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போக யாருக்கு மனம் வரும்? அதைத் திருத்துவார்கள். அப்புறம் அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் திருத்துவார்கள். அப்படியே தங்கள் ஊர்ச் செய்திகளை வருடக்கணக்காகத் திருத்துகிறவர்கள் ஆனவர்களும் உண்டு. திருத்தப்பட்ட வரிகள் பத்துக் கோடியை எப்போதோ தாண்டிவிட்டன.

நீங்கள் கேட்கும் நம்பகம் இங்கே இரண்டு இடத்தில் இருக்கிறது. மூலத்தின் படம் எழுத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, சந்தேகம் வந்தால் யாரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். எந்த வரி எப்போது எப்படி மாறியது என்ற வரலாறும் அழியாமல் இருக்கிறது. உங்கள் மாணவர்கள் எடுத்து வரும் பாட்டுகளில் பிழை மலிந்திருப்பதற்குப் பலர் கை வைத்தது காரணம் என்று நான் நினைக்கவில்லை. எந்தப் பதிப்பு, யார் தட்டச்சு செய்தார், யார் சரிபார்த்தார் என்ற தடயமே இல்லாமல் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு வெட்டி ஒட்டப்பட்டதே காரணம். அந்தப் பிழையைக் கண்டாலும் திருத்த அங்கே வழி கிடையாது.

விக்கிமூலத்தின் ஏற்பாடு ட்ரோவைவிடக் கண்டிப்பானது. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒருபுறம் நூலின் படம், மறுபுறம் எழுத்துப் பெட்டி. கீழே வண்ண வட்டங்கள். சிவப்பு என்றால் இன்னும் மெய்ப்பு பார்க்கவில்லை. ஒருவர் முழுதும் ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் மறுபடி சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சள் ஆக்கியவருக்குப் பச்சை வட்டத்தைக் காட்டவே காட்டாது. இரண்டு பேர் கண் படாமல் எந்தப் பக்கமும் பச்சை ஆகாது. அச்சகங்களில்கூட எல்லா நூலுக்கும் இந்தக் கவனிப்பு கிடைத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அங்கே உங்களைப் போன்றவர்கள் ஏன் தேவை என்பதற்கு ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். 1978-க்கு முன் அச்சான நூல் என்றால் லை, னை, ளை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை போன்ற பழைய வடிவத்திலேயே வரும். றா, னா, ணா மூன்றும் பழைய சுழியோடு வரும். படத்தைப் படித்து எழுத்தாக்கும் மென்பொருளான எழுத்துணரி இவற்றில் அடிக்கடி தடுக்கி விழும். துணைக்காலை 'ர' என்று படிக்கும். 'ர'வைத் துணைக்கால் என்று படிக்கும். எல்லாவற்றையும்விட மோசம் தமிழ் எண்கள். முகப்பில் ௧௯௨௮ என்று ஆண்டு போட்டிருப்பார்கள். அது 'ககூஉஅ' என்று வந்து நிற்கும். இன்றைய மாணவர் பார்த்தால் ஏதோ அச்சுக் குப்பை என்று அழித்துவிடக்கூடும். அழித்தால் அந்த நூலின் பதிப்பாண்டே போய்விடும். உங்களுக்கு அது 1928 என்று பார்த்தவுடனே தெரியும். இந்த அறிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தமிழாசிரியர்களுக்கு இந்த வேலையில் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஒற்று விடுபட்டிருந்தால் கை தானாகப் போட்டுவிடும். அப்படிப் போடக் கூடாது. ஆசிரியர் 'உபந்நியாசம்' என்று எழுதியிருந்தால் அது உபந்நியாசமாகவே இருக்க வேண்டும். படத்தில் உள்ளதே எழுத்திலும். வெளிப்படையான அச்சுப்பிழை என்றால் அதை அப்படியே விட்டு, பிழை என்று தனியாகக் குறித்துக்காட்ட அங்கே வழி இருக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் தமிழில் ஒற்று எப்படிக் கையாளப்பட்டது என்று ஆராய வந்தால், நாம் திருத்திக் கொடுத்த பக்கம் அவரை ஏமாற்றிவிடும்.

சரி, கூலிக்கு வருகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. மக்கள் உழைப்பைக் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்பதில்லை. இணையத்தில் படிவம் நிரப்பும்போது, நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, நெளிந்த சொற்கள் இரண்டைத் தட்டச்சு செய்யச் சொன்ன காலம் நினைவிருக்கும். 2007-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ரீகேப்ட்சா அது. 2009-இல் கூகுள் வாங்கியது. இரண்டில் ஒரு சொல் கணினி படிக்க முடியாமல் விட்ட பழைய அச்சுச் சொல். நியூயார்க் டைம்ஸின் பழைய இதழ்களும் கூகுளின் நூல்களும் அப்படித்தான் எழுத்தாயின. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் மெய்ப்பு பார்த்தார்கள். பார்க்கிறோம் என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. நியூயார்க் டைம்ஸ் காப்பகத்தை முழுமையாகப் படிக்கச் சந்தா கட்ட வேண்டும். இது எனக்கு ஒப்புதல் இல்லாத வழி. தொழில்நுட்பமாக எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்றாலும் கேட்காமல் வாங்கிய உழைப்பு அது. கொடுத்தவர் கைக்கு முழுதாகத் திரும்பி வரவும் இல்லை.

ட்ரோவில் திருத்தியவருக்கு என்ன திருத்துகிறோம் என்று தெரியும். திருத்திய பக்கத்தை அவரும் உலகமும் காசில்லாமல் படிக்கலாம். விக்கிமூலத்தில் திருத்திய நூலை யாரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். என் அளவுகோல் இதுதான்: மக்கள் கை வைத்துச் செம்மையாக்கியது மக்களுக்குத் திறந்தே இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு நிறுவனம் உங்களிடம் மெய்ப்பு பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டால், முடிந்த நூலை யார் படிக்க முடியும், முழுதாக இறக்கிக்கொள்ள முடியுமா, திருத்தியவர் பெயர் பதிவாகுமா என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

ஆள் எடுக்காமல் இருக்க இது சாக்காகாதா என்கிறீர்கள். அப்படி ஆக்கப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். ஆனால் மக்கள் உள்ளே வந்தால் ஊழியர்களுக்கு வேலை கூடுமே ஒழியக் குறையாது. 2008 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஏறத்தாழ 3,000 பழைய புகைப்படங்களை ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் போட்டது. பார்த்தவர்கள் இது இந்தத் தெரு, இவர் இன்னார், தேதி தப்பு என்று எழுதத் தொடங்கினார்கள். நூலகர்கள் உட்கார்ந்து அந்தத் தகவல்களைச் சரிபார்த்து, தேறியவற்றைத் தங்கள் அட்டவணையில் ஏற்றினார்கள். நூற்றுக்கணக்கான பதிவுகள் அப்படித் திருந்தின. அந்தச் சரிபார்க்கும் ஊழியர் இல்லையென்றால் மக்கள் சொன்னதெல்லாம் காற்றோடு போயிருக்கும். படமெடுப்பது, அட்டவணை போடுவது, சர்வரைக் காப்பது, வந்தவருக்குப் பதில் எழுதுவது, இவை சம்பளத்துக்குச் செய்ய வேண்டிய வேலைகள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ட்ரோவுக்கே 2023-இல் ஆபத்து வந்தது. நிதி நீட்டிக்கப்படாவிட்டால் ஆண்டின் நடுவோடு தளத்தை நடத்த முடியாது என்ற நிலை. பதினைந்து ஆண்டு மக்கள் திருத்திய வரிகள் ஒரு பட்ஜெட் தாளில் தொங்கின. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு நான்கு ஆண்டுகளுக்கு 3.3 கோடி ஆஸ்திரேலிய டாலரும், அதன்பின் ஆண்டுதோறும் தொடர் நிதியும் தருவதாக அரசு அறிவித்தது. அந்த எதிர்ப்புக்கு வலு வந்ததற்கு ஒரு காரணம், இது எங்களுடையது என்று சொல்லத் தயாராக அத்தனை பேர் இருந்தது என்று நம்புகிறேன். ஊழியரும் நிதியும் கேட்டுச் சண்டை போடவும் உள்ளே கை வைத்தவர்கள் வேண்டும்.

தமிழில் நிலைமை தலைகீழாக நடந்தது. நிறுவனங்கள் கூப்பிடுவதற்கு முன்பே மக்கள் தொடங்கிவிட்டார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்தவர்கள் அலுவலகம் முடிந்து வந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். அந்த மின்னூல்களின் முகப்பில் தட்டச்சு செய்தவருக்கும் மெய்ப்பு பார்த்தவருக்கும் பெயர் சொல்லி நன்றி இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகம், 2005-இல் தன்னார்வலர்களைக் கொண்டே நூலகம் என்ற மின்காப்பகத்தைத் தொடங்கியது. அரசு நிறுவனமான தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களின் படங்களை 2,000-க்கும் மேல் விக்கிமூலத்துக்குத் தந்தது அதற்கெல்லாம் பிறகு. பாரதி படைப்புகளில் 1949-இல் தொடங்கிய நாட்டுடைமைத் திட்டத்தின் பயன் முழுதாக நம் கைக்கு வர, அந்தப் படங்கள் எழுத்தாக வேண்டும். அவற்றில் இன்னும் சிவப்பாகக் கிடக்கும் பக்கங்கள் ஏராளம்.

கூட்டம் வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். லண்டனில் ஜெரமி பெந்தம் என்ற தத்துவ அறிஞரின் கையெழுத்துப் படிகளைப் பெயர்த்தெழுத 2010-இல் பல்கலைக்கழகம் அழைத்தபோது ஆயிரத்துக்கு மேல் பதிவு செய்தார்கள். வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். பல திட்டங்களில் இதுதான் கதை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் விடாமல் பார்க்கிற ஒருவர், உற்சாகத்தில் வந்து போகும் நூறு பேரைவிடப் பெரிய துணை.

இதழ்க்கட்டுகள் பற்றி. முதலில் ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள்: இதழின் பெயர், மாதம், ஆண்டு, எந்தப் பக்கம் இல்லை. அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிடாதீர்கள். ஆய்வாளர்கள் இன்று அதிகம் தேடுவதில் விளம்பரங்களும் உண்டு. கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டவே கூடாது, அந்தப் பசை பழுத்துத் தாளைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம். நீங்களே படமெடுத்து ஏற்றுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை உரிமை இருக்கும். ஒரு மாத இதழில் இருபது பேர் எழுதியிருப்பார்கள். அதனால் தாளைக் காப்பாற்றுவதை முதலில் பார்ப்போம். சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களிலும் இதழ்களிலும் இருந்து உருவானது. பட்டியலை அவர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். அவர்களிடம் விடுபட்ட இதழ் ஒன்று உங்கள் கட்டில் இருக்கலாம். முழுத் தொகுதி வேண்டாம் என்று சொன்னாலும் அந்த ஒன்றை மட்டுமாவது கொடுத்துவிடுங்கள்.

பட்டியலின் படி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். விக்கிமூலத்தில் தமிழ் எண்களோடு வரும் பழைய நூல் ஒன்றைத் தேடி, அதன் சுட்டியைப் பதிலில் அனுப்பி வைக்கிறேன். நீங்கள் மஞ்சளாக்கும் பக்கங்களைப் பச்சையாக்குவதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்.