மாலை நேரத்து வெறுமை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குச் சொல்லிக்கொள்ளும்படியான துயரம் எதுவும் இல்லை. வேலை, குடும்பம், உடல்நலம் எல்லாம் இருந்தும் மாலையில் வீடு திரும்பும்போது மனம் வற்றிக் கிடக்கிறது. கைப்பேசியை எடுத்தால் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. வைத்த பிறகு முன்பைவிடச் சோர்வு. காலையில் ஊக்கப் பேச்சுக் காணொளிகள் பார்க்கிறேன். அந்த வேகம் குளித்து முடிப்பதற்குள் வடிந்துவிடுகிறது. நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களைத் தினமும் நன்றிக் குறிப்பாக எழுதிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் அதுவும் கடமையாகிவிட்டது. அன்றாடத்துக்குள்ளேயே ஆறுதலும் ஊக்கமும் பெற எளிய வழி உண்டா?

க.

அன்புள்ள க.,

கைப்பேசியை வைத்த பிறகு முன்பைவிடச் சோர்வு என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த வரியிலேயே இருக்கிறது. திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும்போது அன்றைய கசப்பு தெரியாமல் போவது உண்மைதான். ஆனால் அதோடு சேர்ந்து மற்ற எல்லாமே தெரியாமல் போய்விடுகிறது. ஒன்று மனதில் படிவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால், பார்த்தவற்றில் எதுவும் நம்மிடம் தங்குவதில்லை. மனம் மரத்துக் கிடந்த அந்த நேரத்தை ஓய்வென்று கணக்கு வைத்துக்கொள்கிறோம். ஆறுதலுக்கோ, கவனம் ஏதேனும் ஒன்றின்மேல் அவசரமின்றிச் சிறிது நேரம் தங்கியாக வேண்டும்.

ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியாவின் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டிருந்தார். 23 பேருக்குச் சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்துக் கிடந்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வலுவான வலிநீக்கி மருந்துகளையும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு சிறிய ஆய்வை வைத்துக்கொண்டு மரமே மருந்து என்று முழங்க நான் தயாராக இல்லை. ஆனால் அவர்கள் அதற்காக எந்தப் பயிற்சியும் செய்யவில்லை, படுத்தபடி பார்த்தார்கள், அவ்வளவுதான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நீங்களும் வீடு திரும்பியதும் பத்து நிமிடம் கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, கண்ணுக்கு எட்டும் ஒரு கிளையை மட்டும் பாருங்கள். முதலில் வெறும் பச்சையாகத்தான் தெரியும். பிறகு, தளிர் செம்பழுப்பாக இருப்பதும், முற்றிய இலையின் ஓரத்தைப் புழு அரைவட்டமாகத் தின்றிருப்பதும், மற்றவை அசையாதபோது காம்பு நீண்ட ஓர் இலை மட்டும் ஆடுவதும் தெரியத் தொடங்கும். மரம் இல்லாத இடமென்றால் வானம் போதும். அதுவும் இல்லையென்றால் மூச்சு இருக்கிறது: உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது தணிவதும் உடலின் இயல்பு என்பதால், வெளிமூச்சை நீட்டி விட்டாலே சிறிது நேரத்தில் உடல் தளரும்.

ஊக்கத்தின் கதை வேறு. ஊக்கம் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கப் பழக்கிவிடுவதுதான் அந்தக் காணொளிகளின் கெடுதல் (பேச்சாளர்கள் என்னை மன்னிக்கட்டும்). மனச்சோர்வுச் சிகிச்சையில் உளவியலாளர் பீட்டர் லெவின்சன் போன்றோர் 1970களில் வளர்த்தெடுத்த முறை இதைத் தலைகீழாக்குகிறது: செயல் முதலில், மனநிலை பின்னால். ஓவியர் ஆன்றி மத்தீஸ், எழுபதைக் கடந்த வயதில், 1941இல் நடந்த பெரும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் முன்போல நின்று தீட்ட முடியாமல் போனபோது, உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே கத்தரிக்கோலால் வெட்டிச் சுவரில் பொருத்தச் செய்தார். 1954இல் இறக்கும்வரை அந்த வேலை தொடர்ந்தது. நமக்கு அவ்வளவு பெரிய காரியம் வேண்டாம். அறுந்த பொத்தானைத் தைப்பது, ஒரே ஓர் இழுப்பறையை ஒழுங்குபடுத்துவது என, முடிந்தது கண்ணுக்குத் தெரிகிற வேலை ஒன்று போதும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் தாழ்ந்தே கிடந்து, உறக்கமும் பசியும் குலைந்து, முன்பு பிடித்தவையும் பிடிக்காமல் போனால், இந்த யோசனைகளை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நன்றிக் குறிப்பு விஷயத்தில் குற்றம் உங்களுடையதல்ல. உளவியலாளர் சோன்யா லியுபொமிர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றின்படி, வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது. வாரம் மும்முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. தினமும் எழுதினால் ‘குடும்பம், உடல்நலம், வேலை’ என்று வருகைப் பதிவேடுபோல் ஆகிவிடும். வாரத்தில் ஒரு நாள் போதும். பட்டியல் போடாமல், அந்த வாரத்தில் ஒருவர் உங்களுக்குச் செய்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் என்ன சொன்னார், நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள் என்பது உட்பட அரைப்பக்கம் எழுதிப் பாருங்கள். முடிந்தால் அதை அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்