பூ கொட்டுகிறது என்று தேன்பெட்டி வாங்க வேண்டாம்

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “புதுவீடு கட்டியபோது வேலியை எடுத்துவிட்டு மதில் எழுப்பினோம். முற்றத்துக்கு இன்டர்லொக் கல்லும் பதித்தாயிற்று. பின்வளவில் கத்தரி, பாவல், முருங்கை நிற்கின்றன. பசளை, தண்ணீர் எதிலும் குறையில்லை. ஆனால் கத்தரியில் பூ கொட்டுகிறது. பாவலில் பிஞ்சு விரல் அளவுக்கு வந்து மஞ்சளாகி விழுகிறது. தேனீ குறைந்துவிட்டது என்கிறார்கள். ஒரு தேன்பெட்டி வாங்கி வைக்கட்டுமா?”

வேண்டாம். பெட்டித் தேனீ பாவலுக்கு ஓரளவு உதவும், கத்தரிக்கு அநேகமாக உதவாது. உங்கள் வளவில் இல்லாமல் போனது வேறு தேனீக்கள். அவற்றை விலைக்கு வாங்க முடியாது, ஆனால் திரும்ப வரவைக்கலாம்.

முதலில் பாவல். விழுந்த பிஞ்சு ஒன்றை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. தேனீயைக் குறை சொல்லிப் பயனில்லை. விழுந்தவற்றைப் பொறுக்கிப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள். புதுப் பிஞ்சுகளுக்குக் கடதாசி உறை கட்டுங்கள். புழு இல்லாமல் விதைகள் சப்பையாகக் கிடந்தால்தான் மகரந்தம் வந்து சேரவில்லை என்று பொருள். பாவலில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காலையில் விரியும் பூ அன்றைக்கே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் யாராவது ஒரு பூவிலிருந்து மற்றதுக்குப் போய்வர வேண்டும்.

கத்தரியின் கதை வேறு. ஊதா இதழ்களுக்கு நடுவே மஞ்சள் கூம்பு போல நிற்கிறதே, அதுதான் மகரந்தப் பை. அது பிளந்து திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும்தான். உப்புப் போத்தலைக் குலுக்குவது போலக் குலுக்கினால்தான் தூள் கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய கறுப்புத் தேனீக்கும், வயிற்றில் நீலக்கோடு போட்ட தேனீக்கும் தெரியும். காலையில் கத்தரிக்குப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். நீலக்கோட்டுத் தேனீ வந்து கூம்பைக் கட்டிப் பிடிக்கும். இறக்கை அசையாது, ஆனால் பறக்கும் தசை மட்டும் அதிரும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிடக் கீச்சென்று ஒரு ஒலி கேட்கும். அடுத்த கணம் அதன் வயிறெல்லாம் மகரந்தம். கத்தரி தன் மகரந்தத்தாலேயே, காற்று அசைத்தாலும் கொஞ்சம் காய்க்கும்தான். ஆனால் இவை வந்தால் காய் கூடும், பருக்கும்.

ஒரு விஷயத்தில் பதற வேண்டாம். கத்தரியில் எல்லாப் பூவும் காய்க்கப் பிறந்தவை அல்ல. சூல்தண்டு கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூதான் காய்க்கும். உள்ளே குட்டையாக ஒளிந்திருப்பது எப்படியும் விழும். நீட்டுப் பூவும் விழுகிறதா என்று பாருங்கள்.

விழுகிறது என்றால் முற்றத்தைப் பாருங்கள். உலகில் சுமார் 20,000 வகைத் தேனீக்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி கூட்டமாக வாழாமல், தனித்தனியாக மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடுபவை. நீலக்கோட்டுத் தேனீக்கு மண் தரையும் பழைய மண்சுவரும் வேண்டும். கருவண்டுக்குக் காய்ந்த மரம், மூங்கில், உளுத்துப்போன வேலிக் கட்டை வேண்டும். பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நின்ற கதியால் வேலி இவற்றுக்கு வீடு, சாப்பாட்டுக் கடை இரண்டுமாக இருந்தது. மதிலும் இன்டர்லொக்கும் அதை ஒரே நேரத்தில் எடுத்துவிட்டன. சின்னத் தேனீக்கள் சில நூறு மீட்டருக்கு மேல் போவது குறைவு. ஆகவே உங்கள் ஒழுங்கை முழுக்க மதில் என்றால் அடுத்த ஊரிலிருந்து வந்து சேராது.

காலநிலையும் சேர்ந்துகொள்கிறது. சோளகக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் தேனீ பறக்கச் சிரமப்படும். நிலம் காய்ந்தால் பூவில் தேன் சுருங்கும். மாரியில் மழை ஒரேயடியாகக் கொட்டி, கல் பதித்த இடத்துத் தண்ணீரெல்லாம் மிச்சமிருக்கும் மண்ணில் தேங்கினால் நிலத்துக் கூடுகள் கெடும். வெப்பம் பூவையும் நேரடியாகத் தாக்கும். தக்காளியில் பகல் 32 பாகை செல்சியசுக்கு மேல் நீடித்தால் மகரந்தமே சோர்ந்துவிடும். அப்போது எத்தனை தேனீ வந்தும் என்ன? கத்தரி அதைவிடத் தாங்கும்.

மருந்தையும் சொல்ல வேண்டும். இமிடாகுளோபிரிட் போன்றவை செடிக்குள் ஊடுருவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போகும். பூக்கிற கொடிக்கு அதைத் தொடவே வேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும் பின்னேரம் தேனீ அடங்கிய பிறகு அடியுங்கள். ரோசா இலையில் வட்டமாக வெட்டியிருக்கிறது என்று பலர் மருந்தடிக்கிறார்கள். அது இலைவெட்டித் தேனீ கூட்டுக்குக் கொண்டுபோன துண்டு. செடிக்கு ஒன்றும் ஆகாது, விடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? மதிலை உடைக்கச் சொல்லவில்லை. பின்வளவில் வெயில் படும், தண்ணீர் தேங்காத மூலையில் ஒரு பாய் அகலத்துக்குக் கல்லைக் கிளப்பி மண்ணை வெறுமையாக விடுங்கள். கொத்தவும் வேண்டாம், பொலித்தீன் விரிக்கவும் வேண்டாம். காய்ந்த முருங்கைக் கிளையையும் மூங்கில் துண்டையும் மழை படாமல் கூரைத் தாழ்வாரத்தில் கட்டுங்கள். மதிலோரம் துளசி வைத்துப் பூக்க விடுங்கள். முருங்கை பூக்கும்போது கருவண்டு வருகிறதா பாருங்கள். வந்தால் பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது.

இவற்றின் பலன் தெரிய ஒரு போகமாவது ஆகும். அதுவரை கைதான். பாவலுக்குக் காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பிடுங்கி, இதழைக் கழற்றி, அடியில் குட்டிக் காய் உள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குக் காணும். கத்தரிக்குப் பூக்காம்பை விரலால் இரண்டு தரம் சுண்டிவிடுங்கள். பழைய பற்றரி பல்துலக்கி இருந்தால் அதைக் காம்பில் வைத்து ஒரு வினாடி அதிரவிட்டால் இன்னும் நல்லது.