வயல்வெளிக் கேள்வி பதில்

கே: தோப்புக்குப் போகும் மண்பாதை மழையில் குண்டும் குழியுமாகிவிட்டது. டிராக்டரில் பரம்பு (மண்ணை நிரவும் கட்டை) கட்டி இழுத்தால் சரியாகுமா? – ஒரு வாசகர், திருமங்கலம்

ப: தாராளமாக ஆகும். பழைய இரும்புக் கடையில் ஆறடி இரும்புச் சேனல் (‘ப’ வடிவச் சட்டம்) இரண்டு வாங்கி, இடைவெளி விட்டு வெல்டிங் வையுங்கள். எங்கள் பாதைக்கு நான் வைத்திருப்பது அதுதான். இரு முனையிலும் சங்கிலி போட்டு டிராக்டரில் மாட்டும்போது, இடதுபக்கச் சங்கிலியைக் குட்டையாகக் கட்டி, போகும்போதும் வரும்போதும் இடது ஓரமாகவே ஓட்டினால், ஓரத்து மண் நடுவுக்கு ஏறும். நடு மேடானால் தண்ணீர் தேங்காது.

பதம்தான் எல்லாமே! கரிசல் காய்ந்தால் கல். நனைந்தால் சக்கரத்தில் அப்பும். மழை விட்டு, பிடித்த மண் கையில் உதிரும்போது மெதுவாக இழுங்கள். அப்புறம், பரம்பின் மேல் பாரத்துக்கு மண்மூட்டை போதும், பிள்ளைகளை ஏற்றவே ஏற்றாதீர்கள். சங்கிலியைத் தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிவிடும்.