தொழிலை விட்டவருக்குத் தொழில்வழிச் சிகிச்சை எதற்கு?

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. நாற்பது ஆண்டுகள் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். மறதி நோய் என்று தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, படகுக்கு நேரமாகிவிட்டது என்று கதவைத் திறக்கிறார், தடுத்தால் கோபப்படுகிறார். மருத்துவர் 'ஆக்குபேஷனல் தெரபி' என்று எழுதிக் கொடுத்தார். தொழில்வழிச் சிகிச்சையாம். தொழிலையே விட்டுவிட்டவருக்கு அது எதற்கு?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: உங்கள் கரையில் தொழில் என்றாலே கடலுக்குப் போவதுதான் என்பதால், இந்த ஐயம் இயல்பானது. இச்சிகிச்சையில் அச்சொல், குளிப்பது, உடுத்துவது, உண்பது, பேரனுடன் திண்ணையில் அமர்ந்திருப்பது என ஒருவரின் நாளை நிரப்பும் செயல்கள் அனைத்தையும் குறிக்கும். மறதியை இது குணப்படுத்தாது. மீந்திருக்கும் திறனைக் கொண்டு அன்றாடத்தை நடத்த வழி செய்யும்.

ஒரு செயலின் எந்தப் படியில் அவர் தடுமாறுகிறார் என்பதையே நிபுணர் முதலில் பார்ப்பார். சட்டை போடத் தெரியவில்லை என்று நாம் முடிவு கட்டிய ஒருவர், அடுக்கிலிருந்து ஒன்றை எடுப்பதில் மட்டுமே குழம்பியிருக்கக்கூடும். ஒரே ஒரு சட்டையைக் கையில் கொடுத்தால் தாமே போட்டுக்கொள்வார். அதையும் நாமே செய்துவிட்டால் இருக்கும் பழக்கமும் போய்விடும். அன்பு மிகுந்த வீடுகளில்தான் இது அதிகம் நடக்கிறது.

பெயர்களும் தேதிகளும் மறைந்த பிறகும் கைப்பழக்கம் பலருக்கு நெடுங்காலம் தங்கும். பகலில் ஒரு பழைய வலைத்துண்டையும் நூலையும் வலை ஊசியையும் கொடுத்துப் பாருங்கள். கத்தியை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். வலைக்கண்கள் சீராக அமையாவிட்டால்தான் என்ன, அந்த வலையில் மீன் பிடிக்கப் போவதில்லை. அவர் போட்ட முடிச்சை அவர் கண்முன்னே அவிழ்க்க வேண்டாம்.

மூன்று மணிக்கு எழுவதில் நோயோடு நாற்பது ஆண்டுப் பழக்கமும் இருக்கிறது. வாதிடாமல், இன்று வாடையா கச்சானா என்று காற்றைப் பற்றிக் கேட்டு, உட்காரவைத்துச் சுக்குக் காப்பி கொடுங்கள். சிறுநீர் கழிக்க எழுகிறாரா, பகலில் தூங்கிவிடுகிறாரா என்றும் கவனியுங்கள். கழிப்பறை வழியில் சிறு விளக்கு எரியட்டும்; சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். கடல் பக்கத்திலேயே இருப்பதால், அக்கம்பக்கத்தாரிடமும் படகுத்துறை டீக்கடையிலும் சொல்லிவைக்கத் தயங்காதீர்கள். குழப்பம் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் தூக்கத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பார்த்துக்கொள்பவரின் களைப்பையும் நிபுணரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு இரவாவது உங்கள் கணவரோ நாத்தனாரோ விழித்திருக்கட்டும். மனம் தளர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவிக்கு 14567.