11-ஆம் கோயிலிலிருந்து 12-க்கு: காலை பத்து மணிக்குப் புறப்படலாமா?

ஜப்பானின் ஷிகோகு தீவிலுள்ள 88 கோயில் யாத்திரையில், 11-ஆம் கோயிலான ஃபுஜிஇதெராவிலிருந்து 12-ஆம் கோயிலான ஷோசான்ஜிக்கு நடக்க நான்கு மணி நேரம் போதும், காலை பத்து மணிக்குப் புறப்படலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படிப் புறப்பட்டால், மாலை ஐந்து மணிக்குள் ஷோசான்ஜியில் முத்திரை (வழிபாட்டுக்குச் சான்றாக யாத்திரை ஏட்டில் கோயில் பதித்துத் தருவது) பெறுவது பெரும்பாலும் நடக்காது. முந்தைய இரவே ஃபுஜிஇதெராவுக்கு அருகிலுள்ள கமோஜிமா ஊரில் தங்கி, விடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள்.

நான்கு மணி நேரம் போதும் என்ற உங்கள் கணக்கு, வரைபடச் செயலி காட்டும் சுமார் 13 கிலோமீட்டரை மட்டும் வைத்துப் போட்டதாக இருக்கலாம். இந்த யாத்திரையில், நடந்து செல்பவர்கள் முதலில் அஞ்சும் பாதை இதுதான். ஃபுஜிஇதெராவின் பின்புறமே தொடங்கும் ஏற்றம், இந்த யாத்திரையின் மூலவராகப் போற்றப்படும் துறவி கோபோ தைஷியின் பெரிய சிலையும் முதிய சுகி (ஜப்பானிய தேவதாரு வகை) மரமும் நிற்கும் ஜோரென்-அன் என்ற சிறு வழிபாட்டிடம் வரை சென்று, அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கி, சுமார் 700 மீட்டர் உயரத்திலுள்ள ஷோசான்ஜிக்கு மறுபடியும் ஏறுகிறது. கால்கள் தளர்ந்த பிறகு வரும் அந்தக் கடைசி ஏற்றம்தான் நேரத்தை விழுங்கும். ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முத்திரை அலுவலகங்கள் 2024 ஏப்ரல் முதல் காலை 8 மணிக்குத்தான் திறக்கின்றன. ஆகவே ஃபுஜிஇதெரா முத்திரையை முந்தைய மாலையே, வழிபாட்டை முடித்துவிட்டு, பெற்றுக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது ஒன்றைச் சரிபாருங்கள்: ஏறத்தாழ கால் பங்குத் தூரத்தில் வரும் ச்சோதோ-அன் என்ற சிறு வழிபாட்டிடம் வரை எடுத்த நேரத்தை நான்கால் பெருக்கி, ஓய்வுக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். புறப்பட்ட நேரத்தோடு அதைச் சேர்த்தால் மாலை ஐந்து மணியைத் தாண்டுமானால் தயங்காமல் திரும்பிவிடுங்கள்.

மழை பெய்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஷோசான்ஜிக்கு அப்பால் தங்குமிடங்கள் மிகக் குறைவு என்பதால், அன்றைய இரவுக்கான இடத்தை உறுதிசெய்யாமல் மலையேற வேண்டாம்.