செம்பு வடிகலம் வீட்டிலேயே செய்யலாமா? ஒரு கன்னார் வீட்டுப் பிள்ளையின் பதில்

கேள்வி: செம்புத் தகடும் குழாயும் வாங்கி வீட்டிலேயே வடிகலம் செய்து மது வடிக்க முடியுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

செய்திருக்கிறேன். இப்போதும் என் வீட்டு கராஜில் இருக்கிறது, அவ்வப்போது வேலையும் செய்கிறது.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னைப் போல நியூசிலாந்துக்கு வந்து, வேலை செய்யும் இடத்தில் யாரோ ஒருவர் "நானே வடிச்சது" என்று ஒரு பாட்டிலை நீட்ட, உங்களுக்கும் ஆசை வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே 1996-லிருந்து சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. விற்கத்தான் கூடாது. விற்பதென்றால் உரிமமும் வேண்டும், வரியும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்றால் இதோடு நிறுத்திவிடுங்கள். அங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி காய்ச்சுவது மட்டுமல்ல, காய்ச்சுவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பதே குற்றம். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும்கூட உரிமம் இல்லாமல் குடிக்க வடிக்க முடியாது.

இதைப் படித்ததும் "குடியை வளர்க்கிறான்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. சட்டம் அனுமதிக்கும் நாட்டில், செம்பில் ஒரு பாத்திரத்தை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று ஒருவர் கேட்கிறார். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செம்பு அடித்த குடும்பம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

அப்பாவுக்குக் கும்பகோணத்தில் பட்டறை. தவலை, அண்டா, கொப்பரை, குளிக்க வெந்நீர் போடும் செம்பு பாய்லர் எல்லாம் எங்கள் பட்டறையிலிருந்து போயிருக்கின்றன. நான் சின்ன வயதிலேயே துருத்தி பக்கம் உட்கார்ந்தவன். இங்கே தென்தீவில் ஒரு பால் பவுடர் ஆலையில் குழாய் பொருத்தும் வேலை. கோர் என்ற ஊர் எங்களுக்குக் கொஞ்ச தூரம்தான். பக்கத்தில் ஹோகோநூய் மலை. மேரி மெக்ரே என்ற விதவை 1872-ல் ஸ்காட்லாந்திலிருந்து பிள்ளைகளோடு வந்து இறங்கியபோது, வீட்டுச் சாமான் பெட்டிக்குள் வடிகலத்தையும் கொண்டு வந்தார் என்று இங்கே சொல்வார்கள். அந்தக் குடும்பம் மலைக்காட்டில் வடித்த விஸ்கியின் கதைக்கென்றே கோரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு காலத்தில் போலீஸ் தேடிப் பிடித்த பாத்திரங்களை இன்றைக்குக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள். அந்தச் செம்பைப் பார்த்த பிறகுதான் நாமும் ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது.

அப்பா எங்களோடு தங்க வந்திருந்த சமயத்தில்தான் வேலையை ஆரம்பித்தேன். அவர் குடியை வாசனைகூடப் பார்க்காதவர். கராஜில் தகட்டை விரித்ததும் வந்து நின்றார்.

"எதுக்குடா இது?"

"சாராயம் வடிக்கப்பா. இங்கே தப்பில்லை."

ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் நான் பென்சிலால் போட்டிருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, "வாய் இவ்வளவு சின்னதா வச்சா உள்ள கை போகுமா? கழுவ முடியாத பாத்திரத்தைச் செஞ்சு என்ன புண்ணியம்?" என்றார். அதற்கப்புறம் சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது. சாராயம் அவருக்குப் பிடிக்காதுதான். ஆனால் செம்பு கோணலாகப் போவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். வடிகலத்தில் மூன்று பாகம்: கீழே பானை, மேலே தலை, அதிலிருந்து இறங்கிக் குளிர்நீர்த் தொட்டிக்குள் போகும் சுருள். பானை 30 சென்டிமீட்டர் விட்டமும் 36 சென்டிமீட்டர் உயரமும் இருந்தால் 25 லிட்டர் பிடிக்கும். அதில் 20 லிட்டருக்கு மேல் ஊறல் (வடிப்பதற்காகப் புளிக்க வைத்த கரைசல்) ஊற்றாதீர்கள், நுரை பொங்கித் தலைக்குள் ஏறும். தகடு 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடித்தகடு இன்னும் கொஞ்சம் கனமாக இருந்தால் நல்லது.

தலைதான் கைவேலை. வட்டமாக வெட்டிய தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தட்டிக்கொண்டே போக வேண்டும். தட்டத் தட்டச் செம்பு இறுகும். இறுகினால் சத்தம் மாறும், மொத்தையாக இருந்தது கணீர் என்று கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகும் தட்டினால் தகடு வெடிக்கும். அப்போது எடுத்து மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மறுபடி இளகிவிடும். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பு அதற்கு நேர் எதிர். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே "போதும், காய்ச்சு" என்பார். அவர் அடித்த தலையில் ஒரு சுத்தியல் வடுவைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. இங்கே என்னோடு வேலை செய்யும் வெல்டர்கள் வந்து பார்த்துவிட்டு, எந்த மெஷினில் செய்தது என்று கேட்டார்கள்.

பற்றவைப்பதுதான் உயிர் போகிற விஷயம். பழைய பற்றவைப்புக் கம்பிகளில் காரீயம் இருக்கும். அமெரிக்காவில் கள்ளத்தனமாகக் காய்ச்சியவர்கள் பழைய கார் ரேடியேட்டரைச் சுருளுக்குப் பதிலாக வைத்து, அதிலிருந்த காரீயம் இறங்கிப் பலர் நோயில் விழுந்தது மருத்துவ ஏடுகளில் பதிவான விஷயம். ஆகவே காரீயமும் காட்மியமும் இல்லாத கம்பிதான் வாங்க வேண்டும். செம்போடு செம்பு சேர்க்க, வெள்ளியும் பாஸ்பரஸும் கலந்த கம்பி கிடைக்கும். அதற்குப் பற்று ஓடப் போடும் வெண்காரம்கூட வேண்டாம், தானே ஓடிப் பிடித்துக்கொள்ளும். வெண்காரம் இல்லாமல் பற்று ஓடுவதை அப்பா நம்பவே இல்லை. ஆறிய பிறகு மடிப்பை நெம்பிப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டினார். ஆவி போகும் வழியில் பித்தளை இணைப்புகளையும் வைக்காதீர்கள், கடைசலுக்கு எளிதாக இருக்கப் பித்தளையில் கொஞ்சம் காரீயம் கலப்பதுண்டு. ரப்பர், பிளாஸ்டிக் கூடவே கூடாது.

தலையையும் பானையையும் பற்றவைக்காமல், கோதுமை மாவைப் பிசைந்து இரண்டும் சேரும் இடத்தில் அப்புங்கள். ஊரில் சித்த வைத்தியர்கள் வாலை என்ற வடிகலத்தில் தீநீர் (மருந்து வடிநீர்) இறக்கும்போது மண் பூசிய துணியால் சீலைமண் செய்து மூடுவார்களே, அதே வேலைதான். சூடு ஏற ஏற மாவு இறுகி ஆவியை அடைத்துவிடும். உள்ளே எங்காவது அடைப்பு ஏற்பட்டு அழுத்தம் கூடினால் பானை வெடிப்பதற்கு முன்னால் மாவு விட்டுக்கொடுக்கும். வடிநீர் வெளியே வரும் சுருளின் முனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், எந்த இடத்திலும் வால்வு வைக்காதீர்கள்.

சுருளுக்கு அரை அங்குலச் செம்புக் குழாய் ஐந்தாறு மீட்டர் போதும். ஒரு முனையை அடைத்து, உலர்ந்த உப்பையோ பொடி மணலையோ தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்த பிறகு ஒரு உருளையைச் சுற்றி வளைத்தால் குழாய் நசுங்காது. மேலிருந்து கீழ்வரை சரிவு ஒரே சீராக இருக்கட்டும். நடுவில் தொய்வு இருந்தால் வடிநீர் தேங்கி விட்டு விட்டுக் கொட்டும். குளிர்ந்த தண்ணீர் தொட்டியின் அடியில் நுழைந்து, சூடானது மேலே வழிய வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் முதலில் தண்ணீரும் வினிகரும் ஊற்றி ஒருமுறை கொதிக்க விடுங்கள். பிறகு மட்டமான ஊறல் ஒன்றை வடித்து அப்படியே கொட்டிவிடுங்கள். அழுக்கும் பற்றுக்கறையும் அதோடு போகும். ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் செம்பில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தேய்த்து எடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் புளிதான். வடிநீர் லேசாக நீலமோ பச்சையோ காட்டினால் களிம்பு கரைந்து இறங்குகிறது, குடிக்காதீர்கள். எங்கள் கலத்தில் முதன்முதலில் இறங்கிய குடிக்கத் தகுந்த சொட்டு சாராயமே இல்லை. அப்பா இந்தியக் கடையில் ஓமம் வாங்கி வரச் சொல்லி, தீநீர் இறக்கினார். கராஜ் முழுக்க ஓம வாசனை.

ஏன் செம்பு, எவர்சில்வர் போதாதா என்று கேட்பார்கள். ஊறல் புளிக்கும்போது ஈஸ்ட் கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும், அழுகின முட்டை வாடை அடிக்கும். சூடான செம்பு அந்தக் கந்தகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ச்சி முடித்துத் திறந்தால் உள்பக்கம் கறுத்திருக்குமே, அது அதுதான். ஸ்காட்லாந்து விஸ்கி ஆலைகள் இன்றும் செம்பையே கட்டிக்கொண்டு அழுவது அழகுக்காக அல்ல. உள்ளே ஈயம் பூசிவிடாதீர்கள், பூசினால் செம்பு வைத்த பலனே போய்விடும்.

இனி எல்லோரும் பயப்படுகிற மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்குக் காரணம் சாராயத்தில் கொண்டுவந்து கலந்த தொழிற்சாலை மெத்தனால். சர்க்கரையோ தானியமோ போட்ட ஊறலில் மெத்தனால் மிகக் கொஞ்சம்தான் வரும். பழத்தில் பெக்டின் இருப்பதால் சற்றுக் கூடும். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், குடிக்கிற சாராயமான எத்தனால் 78.4 டிகிரியில் கொதிக்கும், ஆகவே முதலில் வருவதைக் கொட்டினால் விஷம் முழுக்கப் போய்விடும் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. தண்ணீரோடு கலந்திருக்கும்போது இரண்டும் அவ்வளவு சுத்தமாகப் பிரியாது, இந்த மாதிரி எளிய கலத்தில் மெத்தனால் கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். முதல் 100 மில்லியை நானும் கொட்டத்தான் செய்கிறேன், பெயின்ட் வாடை அடிப்பதாலும் சுருளில் மிச்சமிருக்கும் அழுக்கு வருவதாலும். ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கை மறுபடி வடித்துச் சுத்தம் செய்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அது ஆளைக் கொல்லும்.

விஷத்தைவிட எனக்குப் பயம் நெருப்புதான். சாராய ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. கேஸ் அடுப்பு வேண்டாம், மூடிய மின் அடுப்பு வையுங்கள். 2,000 வாட்டில் 20 லிட்டர் கொதி வர ஒரு மணி நேரம் ஆகும். கதவைத் திறந்து வைத்துவிட்டு, முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். காய்ச்சும்போது குடிக்கவே குடிக்காதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். என் கலத்தின் படத்தை ஒரு தமிழ் வாட்சாப் குழுவில் போட்டேன். "கள்ளச்சாராயக்காரன்" என்று சிலர் எழுதினார்கள். அதே ஆட்கள்தான் செம்புத் தண்ணீர் பாட்டில் மூட்டு வலியிலிருந்து சர்க்கரை வியாதிவரை தீர்க்கும் என்று தினமும் செய்தி அனுப்புகிறவர்கள். அந்த பாட்டில்கள் பலவற்றில் மினுக்கம் போகாமலிருக்க அரக்குப் பூசியிருக்கிறார்கள், சிலவற்றில் காந்தமே ஒட்டுகிறது. செம்பில் காந்தம் ஒட்டாது, அது இரும்புக்கு மேல் போட்ட முலாம். அதற்குள் எலுமிச்சைச் சாறு ஊற்றி வைக்கச் சொல்லியும் ஒரு வீடியோ சுற்றுகிறது. புளிப்பை ஈயம் பூசாத செம்பில் வைக்கக் கூடாது என்று எங்கள் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. இவர்களின் வீடுகளில் தாத்தா காலத்துப் பாய்லரையும் தவலையையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கியபோது எங்கள் தெருவில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பா பட்டறையும் அப்படித்தான் போனது. செம்பின் அருமை பற்றி எங்களுக்கு இப்போது வாட்சாப்பில் பாடம் நடத்துகிறார்கள். கோபம் வராதா?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பட்டறைப் பழக்கம் இல்லாதவர் என்றால் தகடு வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். நியூசிலாந்தில் வீட்டில் வடிப்பவர்களுக்கான கடைகளில் மின் அடுப்போடு சேர்ந்த 25 லிட்டர் எவர்சில்வர் பானை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கந்தகத்தைப் பிடிக்க ஆவி போகும் வழியில் செம்பு இருந்தால் போதும். ஆகவே தலையைச் செம்பில் வாங்கி, சுருளை மட்டும் நீங்களே வளையுங்கள். வாங்கும் தலையில் பற்று எந்தக் கம்பியால் வைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். கடைக்காரர் சொல்லத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.